பொய்யரிடம் வழி கேட்டல்

1925-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் தேதி காலையில், அமெரிக்காவில், காய்ச்சலாய்ப் படுத்திருந்த ஆறு வயது நிரம்பாத ஒரு சிறுவனிடம், அவனுக்குப் பத்து வயது மூத்த தமையன் வந்து, இன்று முட்டாள்கள் தினம் என்றும், இதற்குமுன் எவரும் ஏமாற்றியிராத விதத்தில் இன்றைக்கு உன்னை ஏமாற்றப் போகிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனான். சிறுவன் பகலெல்லாம் காத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. இரவு வெகு நேரமாகியும் பிள்ளை உறங்காததைக் கண்டு தாய் காரணம் கேட்க, அண்ணன் ஏமாற்றுவதற்காகக் காத்திருக்கிறேன் என்றான். தாய் மூத்தவனை அழைத்து, சொன்னபடி ஏதாவது செய்துவிடு என்றாள். அவனோ தம்பியிடம், நான் உன்னை ஏமாற்றுவேன் என்று எதிர்பார்த்தாய், நான் ஏமாற்றவில்லை, ஆகவே எதிர்பார்த்தது கிடைக்காமல் நீ ஏமாந்துதானே போனாய் என்றான். விளக்கை அணைத்த பிறகும் சிறுவன் நெடுநேரம் விழித்தே கிடந்தான். ஏமாறவில்லை என்றால் எதிர்பார்த்தது நடக்கவில்லை, ஆகையால் ஏமாந்தேன். ஏமாந்தேன் என்றால் எதிர்பார்த்தது நடந்துவிட்டது, அப்படியானால் எந்த விதத்தில் ஏமாந்தேன்? இந்தக் கேள்வி அவனை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

அந்தச் சிறுவனே, பிற்காலத்தில் தர்க்க சாஸ்திரத்தில் பெரும் பெயர் பெற்ற ரேமண்ட் ஸ்மல்யன். 1919-இல் பிறந்து 2017-இல் தமது 97-ஆம் வயதில் மறைந்த அவர், மேடையில் ஜாலவித்தை காட்டிச் சம்பாதித்தவர். பியானோ வாசிப்பதில் வல்லவர். நாற்பதாம் வயதில், 1959-இல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலோன்சோ சர்ச் என்னும் பேராசிரியரிடம் ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர். 1978-இல் அவர் வெளியிட்ட புதிர்ப் புத்தகத்தின் பெயரே ‘இந்தப் புத்தகத்தின் பெயர் என்ன?’ என்பதாகும். அதில் அவர் நம்மை ஒரு தீவுக்கு அழைத்துச் செல்கிறார். அங்கே இரண்டே இனத்தார் வாழ்கின்றனர். எக்காலத்தும் உண்மையே பேசுவோர் ஓர் இனம். அவரை மெய்யர் என்று நாம் வழங்குவோம். எக்காலத்தும் பொய்யே பேசுவோர் மற்றோர் இனம், அவர் பொய்யர். உடையாலோ முகத்தாலோ இன்னார் இன்ன இனம் என்று காண வழியில்லை. அவர்கள் பேசுவதைக் கேட்டே கண்டுகொள்ள வேண்டும்.

கரையில் இருவர் நிற்கின்றனர்; ஒருவன் நெட்டையன், மற்றவன் குட்டையன். நெட்டையன் நம்மைப் பார்த்து, “எங்கள் இருவருள் ஒருவனாவது பொய்யன்” என்கிறான். யார் எவர்?

இந்தப் புதிரை முதன்முறை கேட்பவர், நெட்டையனை நம்பலாமா கூடாதா என்றே முதலில் தயங்குவார். அவனுடைய முகத்தைப் பார்த்தோ, குரலைக் கேட்டோ, உலக வாழ்க்கையில் நாம் ஒருவரை எடைபோடும் முறையிலேயே இங்கும் எடைபோட விரும்புவார். அது வழியன்று. அவன் பொய்யன் என்றே ஒரு கணம் வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவர்களுள் ஒரு பொய்யன் இருப்பதாகிவிடுகிறது. அவன் சொன்னது உண்மையாகிவிடுகிறது. பொய்யன் வாயில் உண்மை வந்துவிட்டது. இது இத்தீவில் நடவாத காரியம். ஆகவே நெட்டையன் மெய்யன். மெய்யன் சொன்னது மெய்யாதலால் இருவருள் ஒரு பொய்யன் இருந்தே தீரவேண்டும், அவன் குட்டையனே. குட்டையன் வாயே திறக்கவில்லை. ஆயினும் அவன் இனம் வெளிப்பட்டுவிட்டது.

இங்கே நாம் செய்தது யாது? ஒன்றைப் பொய்யென்று நிரூபிக்கும் பொருட்டு, அதையே மெய்யென்று சற்றுநேரம் பாவித்து, அந்தப் பாவனை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பின்தொடர்ந்தோம். நம் நாட்டு நியாய நூலார் தர்க்கம் என்னும் சொல்லுக்குக் கொடுத்த நுட்பமான பொருள் இதுவே. மலையில் நெருப்பு இல்லையென்று வைத்துக்கொள். அப்படியானால் புகையும் இருக்கக்கூடாதே என்று வாதிப்பது அவர்கள் காட்டும் உதாரணம். அன்னம்பட்டர் வடமொழியில் இயற்றிய தர்க்க சங்கிரகம், நம் சிவஞான முனிவரால் 18-ஆம் நூற்றாண்டில் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது. மெய்யல்லாத அனுபவங்களை மூன்றாக வகுக்கும் அந்நூல், ஐயம், திரிபு ஆகிய இரண்டோடு தர்க்கத்தையும் அந்த வரிசையிலேயே வைக்கிறது. இதைப் படித்தபோது முதலில் எனக்கு வியப்பாகவே இருந்தது. அறிவுக்குத் துணையாகிய தர்க்கத்தைத் திரிபோடு ஒரே பந்தியில் உட்கார வைக்கலாமா என்று தோன்றிற்று. யோசித்துப் பார்த்தால் அதன் நேர்மை விளங்குகிறது. நெருப்பில்லை என்று பாவித்தது, பொய்யென்று தெரிந்தே செய்த பாவனை. திரிபில் ஒருவன் பொய்யை மெய்யென்று நம்பி அகப்பட்டுக்கொள்கிறான். தர்க்கத்திலோ பொய்யைப் பொய்யென்று அறிந்தே கையில் எடுத்து, காரியம் முடிந்ததும் கீழே வைத்துவிடுகிறான்.

இனி, சற்றுப் பெரிய புதிரொன்றைக் காண்போம். மூவர் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருக்கின்றனர். முதல்வர், “எங்கள் மூவருள் பொய்யர் சரியாக இருவர்” என்கிறார். இரண்டாமவர், “இல்லை, சரியாக ஒருவரே” என்கிறார். மூன்றாமவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “இவர்கள் இருவர் சொன்னதும் பொய்” என்று சொல்லி நிறுத்துகிறார்.

ஒவ்வொருவரையும் மெய்யராகவும் பொய்யராகவும் மாற்றி மாற்றிப் பாவித்தால் எட்டு விதங்களைப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். அது தவறில்லை, ஆனால் வீண் உழைப்பு. ஆட்களை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டால் வேலை பாதியாகக் குறைகிறது. பொய்யர் ஒருவருமில்லை என்றால் மூவரும் மெய்யர், மெய்யராகிய முதல்வர் இருவர் பொய்யர் என்று சொல்லியிருக்க மாட்டார், அது கழிந்தது. மூவருமே பொய்யர் என்றால் முதலிருவர் சொன்னதும் பொய், அதைச் சொன்ன மூன்றாமவர் உண்மை பேசியவராகிவிடுகிறார், அதுவும் கழிந்தது. பொய்யர் ஒருவரே என்றால் இரண்டாமவர் சொன்னது மெய், முதல்வர் பொய்யர், இருவர் சொன்னதும் பொய் என்ற மூன்றாமவரும் பொய்யர், ஆக இருவராகிவிட, ஒருவரே என்று தொடங்கியது தானாகவே உடைகிறது. எஞ்சியது இரண்டு. முதல்வர் மெய்யர், மற்றையிருவரும் பொய்யர் என்று கொண்டால் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது. எட்டு வாயில்களைத் தட்டவேண்டிய இடத்தில் நான்கைத் தட்டினோம். புதிர் விடுப்பதில் பழகியவருக்கும் பழகாதவருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும், எதைப் பற்றிக் கேட்பது என்னும் இந்தத் தேர்விலேயே இருக்கிறது.

இவ்வகைப் புதிர்களுக்கு ஸ்மல்யனே ஆதிகர்த்தா அல்லர். பின்னாளில் ஹார்வர்டில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய நெல்சன் குட்மன், பாஸ்டன் நகரத்தில் சித்திரக் கூடம் நடத்திவந்த இளவயதில், 1931-இல், அந்நகரத்து நாளிதழொன்றில் இத்தகைய புதிரை வெளியிட்டார். அதன் சாரம் இது. வழிப்போக்கன் ஒருவன் மூவரைச் சந்தித்து, நீ எந்த இனம் என்று முதலாமவனைக் கேட்கிறான். அவன் சொன்ன பதில் காதில் விழவில்லை. இரண்டாமவன், “தான் பொய்யன் என்று அவன் சொன்னான்” என்கிறான். மூன்றாமவன், “இரண்டாமவன் பொய் சொல்கிறான்” என்கிறான். காதில் விழாத சொல்லைக் கொண்டு என்ன தீர்ப்புச் சொல்ல முடியும்?

முடியும் என்பதில்தான் இப்புதிரின் அழகு இருக்கிறது. முதலாமவன் மெய்யனானால், தான் மெய்யன் என்றே சொல்லியிருப்பான். பொய்யனானாலும், பொய் சொல்லவேண்டிய கட்டாயத்தால், தான் மெய்யன் என்றே சொல்லியிருப்பான். ‘நான் பொய்யன்’ என்னும் வாக்கியம் அத்தீவில் எவர் வாயிலும் வர இயலாதது. ஆகையால் அப்படி வந்ததாகச் சொன்ன இரண்டாமவன் பொய்யன்; அவனைப் பொய்யன் என்ற மூன்றாமவன் மெய்யன். பேசப்பட்டதைக் கேளாமலே, பேசப்பட்டிருக்க முடியாதது எது என்பதை அறிந்து, அதனால் உண்மையைக் கண்டோம். இப்புதிர்களின் உயிர்நிலை இது என்பது என் துணிவு.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு சிறு சமன்பாடு உண்டு. தீவில் ஒருவன் ஒரு வாக்கியத்தைச் சொன்னால், அவன் மெய்யன் என்பதும், அவ்வாக்கியம் மெய் என்பதும், ஒன்றாகவே நிற்கும் அல்லது ஒன்றாகவே விழும். சொன்னவனையும் சொல்லையும் இவ்வாறு சமன்செய்துவிட்டால், புதிர் கணக்காக மாறிவிடுகிறது. தர்க்கத்தைக் கணக்காக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர் ஜார்ஜ் பூல். இங்கிலாந்தில் லிங்கன் நகரத்துச் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாக 1815-இல் பிறந்து, பெரும்பாலும் தாமாகவே கற்று, அயர்லாந்தின் கார்க் நகரத்துக் கல்லூரியில் பேராசிரியரான அவர், சிந்தனையின் விதிகளைப் பற்றிய தமது பெருநூலை 1854-இல் வெளியிட்டார். மெய்யை ஒன்று என்றும் பொய்யைச் சூனியம் என்றும் கொண்டு அவர் அமைத்த இயற்கணிதத்தை, 1937-இல் கிளாட் ஷானன் என்னும் 21 வயது மாணவர், மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு எழுதிய ஆய்வேட்டில், மின்சாரச் சுவிட்சுகளுக்குப் பொருத்திக் காட்டினார். இன்றைய கணினிகளின் உள்ளே ஓடும் கணக்கு அதுவே.

நம் வீட்டு மாடிப்படியிலேயே இதைக் கண்ணால் காணலாம். கீழே ஒரு சுவிட்சு, மேலே ஒரு சுவிட்சு, நடுவே ஒரு விளக்கு. கீழே நின்று சுவிட்சைத் தட்டினால் எரியும் விளக்கு அணைகிறது, அணைந்தது எரிகிறது. மேலே ஏறிப்போய் மற்றதையும் தட்டினால் விளக்கு முன்பிருந்த நிலைக்கே திரும்பிவிடுகிறது. ஒரு தட்டு மாற்றும். இரண்டு தட்டு மாற்றாது. பொய்யன் என்பவன் ஒரு தட்டு. உண்மையைக் கொடுத்தால் புரட்டிக் கொடுப்பான். அவன் வழியாகவே இரண்டுமுறை செலுத்திவிட்டால், புரட்டியது மீண்டும் புரண்டு, நேராகவே வெளிவரும்.

இரண்டு பாதைகள் பிரியும் இடத்தில் நிற்கும் ஒருவனிடம் ஒரே கேள்வி கேட்டு ஊருக்கு வழி அறிந்துகொள்ளவேண்டும் என்ற பழம்புதிரைப் பலரும் கேட்டிருக்கலாம். அவன் எந்த இனம் என்று தெரியாது. “ஐயா, இடப்பக்கத்துப் பாதை ஊருக்குப் போகுமா என்று உங்களை நான் கேட்டால், ஆம் என்பீர்களா?” என்று கேட்க வேண்டும். இடப்பாதையே ஊருக்குப் போவது என்று வைத்துக்கொள்வோம். மெய்யன் ஆம் என்பான், அதில் சிக்கலில்லை. பொய்யனை நேராகக் கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பான். ஆனால் நாம் கேட்பது, ஆம் என்பீர்களா என்று. இல்லை என்பேன் என்று ஒப்புக்கொண்டால் அது உண்மை பேசியதாகும். ஆகவே அதையும் புரட்டி ஆம் என்றே சொல்கிறான். இடப்பாதை ஊருக்குப் போகாதாயின் இருவருமே இல்லை என்பார்கள். வழி தெரிந்துவிட்டது. சொன்னவன் மெய்யனா பொய்யனா என்பது கடைசிவரை தெரியவில்லை. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

ஆதலால் எப்போதும் பொய் பேசுகிறவன் நமக்குப் பகைவன் அல்லன். அவன் வாக்கு மெய்யன் வாக்கைப் போலவே பயன்தரத்தக்கது. ஒழுங்குக்கு உட்பட்ட பொய்யை ஒழுங்காகத் திருப்பிவிடலாம். அறிவுக்கு உண்மையான இடையூறு, ஒருபோது மெய்யும் ஒருபோது பொய்யும் மனம்போனபடி பேசுகிறவனே. தத்துவ அறிஞர் ஜார்ஜ் பூலோஸ், ஸ்மல்யன் அமைத்தது என்று கூறி, உலகிலேயே மிகக் கடினமான தர்க்கப் புதிர் என்று பெயரிட்டு 1996-இல் விளக்கிய புதிரில், இந்த மூன்றாம் வகையாரும் வருகின்றனர். மூன்று தேவதைகள், ஒன்று மெய்யே பேசும், ஒன்று பொய்யே பேசும், ஒன்று காசைச் சுண்டிவிட்டதுபோல் ஏதேனும் ஒன்றைப் பேசும். நம் மொழியைப் புரிந்துகொள்ளும் அவை, ‘டா’ என்றும் ‘ஜா’ என்றும் தம் மொழியிலேயே பதில் சொல்லும். எது ஆம், எது இல்லை என்பது நமக்குத் தெரியாது. மூன்றே கேள்விகளில் மூன்றையும் இனங்காண வேண்டும்.

தேவதைகளை வரிசைப்படுத்தும் விதங்கள் ஆறு. இரண்டு கேள்விகளுக்கு வரக்கூடிய பதில்கள் நான்கு விதமே ஆதலால் அவை போதா. மூன்று கேள்விகளுக்கு எட்டு விதம் வரும், ஆகவே இடமிருக்கிறது. மாடிப்படி விளக்கின் தந்திரமே இங்கும் கைகொடுக்கிறது. இன்னதைக் கேட்டால் ஜா என்பாயா என்று கேட்டால், பொய்யும் கழிந்துவிடுகிறது, அந்நிய மொழியின் இருளும் கழிந்துவிடுகிறது. மிஞ்சுவது மனம்போனபடி பேசுவது ஒன்றே. அதை எந்தக் கேள்வியாலும் வசப்படுத்த முடியாது, விலகிப்போகத்தான் முடியும். எனவே முதற்கேள்வியை நடுவில் நிற்பதிடம் இவ்விதம் கேட்கவேண்டும்: இடப்பக்கத்தில் நிற்பது அந்த ஒழுங்கற்ற தேவதையா? ஆம் என்னும் பொருளில் பதில் வந்தால், ஒன்று அது உண்மை, அல்லது பதில் சொன்னதே ஒழுங்கற்றது. எப்படியாயினும் வலப்பக்கத்தில் நிற்பது ஒழுங்குள்ளது. இல்லை என்று வந்தால், அதே நியாயத்தால் இடப்பக்கத்தது ஒழுங்குள்ளது. நம்பத்தக்க ஒன்று கிடைத்தபின் எஞ்சிய இரண்டு கேள்விகளும் அதனிடமே.

இனி, தீவை விட்டு நம் உலகுக்கு வருவோம். அங்கே எவராலும் சொல்ல முடியாத ‘நான் இப்போது சொல்வது பொய்’ என்னும் வாக்கியத்தை இங்கே யாரும் சொல்லலாம். மெய்யானால் பொய், பொய்யானால் மெய். கி.மு. நான்காம் நூற்றாண்டில் மிலேத்தஸ் நகரத்து யூபுலிதஸ் இதை எழுப்பினார் என்பர். இதை நினைந்து நினைந்தே கோஸ் தீவின் பிலேத்தாஸ் என்னும் புலவர் உடல் மெலிந்து மாண்டார் என்று ஒரு பழங்கதையும் உண்டு. கிரேத்தா தீவினனாகிய எபிமெனிதஸ், கிரேத்தர் எப்போதும் பொய்யர் என்று சொன்னான் என்பதையும் பலர் இதனோடு சேர்த்துப் பேசுகின்றனர். பவுல் தீத்துவுக்கு எழுதிய நிருபத்திலும் அக்கூற்று வருகிறது. ஆனால் அது இதுவன்று. அக்கூற்று மெய்யாயிருக்க முடியாது என்பது உண்மையே; பொய்யாய் இருப்பதில் யாதொரு முரணும் இல்லை. கிரேத்தரில் எவரோ ஒருவர் என்றோ ஒருநாள் உண்மை பேசினார் என்பதுதான் அதனால் கிடைப்பது.

நம் நாட்டில் ஐந்தாம் நூற்றாண்டினரான பர்த்ருஹரி என்னும் இலக்கண மேதையும் வாக்கியபதீயத்தில் இவ்விஷயத்தைத் தொட்டிருக்கிறார். நான் சொல்வதெல்லாம் பொய் என்று ஒருவன் கூறும்போது, அவ்வாக்கியம் தன்னையும் உட்படுத்திப் பேசுவதாகக் கொள்ளலாகாது என்பது அவர் கருத்து. 1933-இல் போலந்து நாட்டு ஆல்பிரட் டார்ஸ்கி கணித முறையில் வகுத்த கொள்கையும், ஒரு மொழியின் மெய்பொய்யை அம்மொழிக்குள்ளேயே வைத்துப் பேசலாகாது, அதற்கு மேற்பட்ட மொழியில் நின்றே பேசவேண்டும் என்பதாகும். இருவரும் ஒன்றையே சொன்னார்கள் என்று நான் சாதிக்க வரவில்லை. வாக்கியம் தன்னைத் தானே சுட்டும் இடத்தில்தான் கோளாறு என்று இருவரும் கண்டனர் என்பது என் மதிப்பு.

அந்தக் கோளாறையே கருவியாக்கிக்கொண்டவர் குர்ட் கோடல். 1930-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஜெர்மனியின் கேனிக்ஸ்பெர்க் நகரத்தில் கூடிய அறிஞர் கூட்டத்தில், 24 வயது இளைஞராகிய அவர் அமைதியாகச் சொல்லி, மறு ஆண்டு அச்சில் வெளியிட்ட தேற்றத்தை, ஸ்மல்யன் தம் தீவிலேயே நமக்குக் காட்டிவிடுகிறார். மெய்யருள் சிலருக்கு, இவர் மெய்யர் என்று சோதித்து நிலைநாட்டப்பட்டதன் அடையாளமாக முத்திரை வழங்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். பொய்யருக்கு அது ஒருகாலும் கிட்டாது. ஒருவன் வந்து, “நான் முத்திரை பெற்ற மெய்யன் அல்லன்” என்கிறான். அவன் பொய்யனானால், பொய்யனுக்கு முத்திரை ஏது? அவன் சொன்னது உண்மையாகிவிடும், அது ஆகாது. ஆகவே அவன் மெய்யன். அவன் சொன்னது மெய். அவனிடம் முத்திரை இல்லை. மெய்யர் என்னும் இடத்தில் மெய்யான கணித வாக்கியங்களையும், முத்திரை என்னும் இடத்தில் நிரூபணத்தையும் வைத்துப் பார்த்தால், போதிய அளவு எண்கணிதத்தை உள்ளடக்கி, திட்டமான விதிகளால் அமைந்த முரணற்ற எந்தச் சாஸ்திரத்திலும் மெய்யாயிருந்தும் அதற்குள் நிரூபிக்க முடியாத வாக்கியம் ஒன்று இருந்தே தீரும் என்ற கோடலின் முடிவு, அதன் எலும்புக்கூடாவது, நம் கண்முன் நிற்கிறது. ‘நான் பொய்’ என்பதற்குப் பதிலாக, ‘நான் நிரூபிக்கப்படாதவன்’ என்று சொல்லும் வாக்கியத்தை எண்களைக் கொண்டே அவர் கட்டினார். முன்னது முரணில் முடிய, பின்னது கணிதத்தின் எல்லையைக் காட்டிற்று.

வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மீண்டும் அத்தீவின் கரைக்குப் போங்கள். இருவர் நிற்கின்றனர். ஒருவன் தன் தோழனைச் சுட்டிக்காட்டி, “இவனும் நானும் ஒரே இனம்” என்கிறான். அந்தத் தோழன் மெய்யன் என்பதை ஐயமின்றி நிலைநாட்டிவிடலாம்; பேசியவன் யாரென்பதோ இந்த ஒரு சொல்லால் யாராலும் காண முடியாதது. ஏன் என்று, ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, யாரையும் கேளாமல் நீங்களே போட்டுப் பாருங்கள்.